ஓவன் இல்லாமல் ஆந்தை, முள்ளெலி, கோழிக்குஞ்சு: குழந்தைகளோடு செய்யும் பிஸ்கட் உருண்டைகள்

மேரி பிஸ்கட், உலர் தேங்காய்த்துருவல், கண்டென்ஸ்டு மில்க், கோகோ பொடி. இந்த நான்கையும் பிசைந்து உருட்டி, சாக்லேட்டில் முக்கி, கண்ணும் மூக்கும் ஒட்டினால் ஆந்தையும் முள்ளெலியும் கிடைத்துவிடும். கோகோ சேர்க்காத உருண்டையை மஞ்சள் தேங்காயில் புரட்டினால் கோழிக்குஞ்சு. ஓவன் தேவையில்லை, சர்க்கரைப் பாகு காய்ச்ச வேண்டியதில்லை, முட்டையும் இல்லை. மூன்று வயதுக் குழந்தை முதல் பன்னிரண்டு வயதுச் சிறுவர் வரை எல்லோருக்கும் இதில் வேலை உண்டு.

முதன்முறை செய்பவர்களின் உருண்டைகள் கெடுவதற்குப் பெரும்பாலும் செய்முறை காரணமாக இருப்பதில்லை. வரிசைதான் காரணம். சாக்லேட்டை முதலில் உருக்கிவிட்டு, பிறகு கண்ணுக்கு என்ன வைப்பது என்று டப்பாக்களைத் திறந்து தேடுகிறார்கள். சாக்லேட் அதற்குள் இறுகிவிடுகிறது. மறுபடி உருக்குகிறார்கள், அவசரத்தில் அது கரிந்து திரிகிறது. குழந்தைகளோ சலித்துப்போய் வேறு விளையாட்டுக்குப் போய்விடுகிறார்கள். உருக்குவதைக் கடைசி வேலையாக வைத்துக்கொண்டால் இந்தத் தொல்லைகளில் பாதிக்கு மேல் வராது. கீழே உள்ள படிகள் அந்த அடிப்படையில்தான் அடுக்கப்பட்டிருக்கின்றன.

1. வேலையை இரண்டு நாளாகப் பிரியுங்கள்

முதல் நாள் மாலை நொறுக்குவது, பிசைவது, உருட்டுவது. மறுநாள் காலை சாக்லேட் முக்குவது, முகம் வைப்பது. நடுவில் உருண்டைகள் குளிர்பதனப் பெட்டியில் இரவு முழுவதும் இருக்கட்டும்.

ஒரே நாளில் முடிக்கவும் முடியும். ஆனால் உருண்டை இறுகுவதற்குக் குறைந்தது ஒரு மணி நேரமாவது காத்திருக்க வேண்டும். குழந்தைகளுக்கு வேலை அலுப்பதில்லை, காத்திருப்பதுதான் அலுக்கும். அந்தக் காத்திருப்பை அவர்கள் தூங்கும் நேரத்துக்குத் தள்ளிவிட்டால் இரண்டு நாளும் உற்சாகம் குறையாது.

காலை நேரத்துக்கு இன்னொரு காரணமும் உண்டு. சித்திரை, வைகாசியில் சென்னையிலோ மதுரையிலோ நண்பகலில் சமையலறை வெப்பம் 35 டிகிரியைத் தாண்டும். அந்தச் சூட்டில் சாக்லேட் பூச்சு மேசைமேல் இறுகவே இறுகாது. காலை எட்டு மணிக்கு முன் தொடங்கினால் பாதி வேலை எளிதாகிவிடும். மார்கழி, தை மாதங்களில் இந்தக் கவலை வேண்டாம்.

2. என்னென்ன வேண்டும்

சுமார் 28 உருண்டைகளுக்கான அளவு இது: மேரி பிஸ்கட் 200 கிராம், உலர் தேங்காய்த்துருவல் 40 கிராம், இனிப்பில்லாத கோகோ பொடி 15 கிராம், கண்டென்ஸ்டு மில்க் சுமார் 180 கிராம். கோழிக்குஞ்சுக்கு மேலே புரட்டத் தனியாக 60 கிராம் உலர் தேங்காய்த்துருவலும் ஒரு சிட்டிகை மஞ்சள்தூளும் எடுத்துக்கொள்ளுங்கள்.

தேங்காய் கட்டாயம் உலர்ந்ததாக இருக்க வேண்டும். மூடித் தேங்காயைத் துருவிப் போட்டால் அதிலுள்ள ஈரம் பிஸ்கட்டைக் குழைத்துவிடும். உருண்டையும் மறுநாளே புளிக்கத் தொடங்கும். உலர் துருவல் பாக்கெட்டாகக் கடைகளில் கிடைக்கிறது. பிரித்ததும் முகர்ந்து பாருங்கள், சிக்கு வாடை அடித்தால் பயன்படுத்த வேண்டாம்.

மேல்பூச்சுக்கு டார்க் காம்பவுண்ட் சாக்லேட் 200 கிராம், கண்களுக்கு வெள்ளை காம்பவுண்ட் 50 கிராம். கேக் பொருள்கள் விற்கும் கடைகளில் கட்டியாகக் கிடைக்கும். சாப்பிடுவதற்கென்று விற்கும் நல்ல சாக்லேட் பட்டையை உருக்கிப் பூசலாமே என்று பலர் கேட்பார்கள். அதிலுள்ள கோகோ வெண்ணெய் ஏறத்தாழ 34 டிகிரியில் உருகிவிடும். அதைப் பளபளப்பாக இறுக வைக்க வேண்டுமானால் குறிப்பிட்ட வெப்பநிலைகளில் ஆற்றியும் சூடேற்றியும் பக்குவப்படுத்த வேண்டும். குழந்தைகள் சூழ்ந்து நிற்கும்போது அது நடக்கிற காரியம் இல்லை. காம்பவுண்டில் கோகோ வெண்ணெய்க்குப் பதிலாக வேறு தாவரக் கொழுப்பு இருப்பதால் உருக்கி, பூசி, ஆறவிட்டாலே இறுகிவிடும். சுவையில் அசல் சாக்லேட்டுக்கு ஈடாகாது என்பது உண்மைதான். இந்த வேலைக்கு அதுதான் பொருத்தம்.

அலங்காரத்துக்கு: கருப்பு எள், பாதாம் சீவல், சிறு முந்திரித் துண்டுகள், டூட்டி ஃப்ரூட்டி, சாக்லேட் வெர்மிசெல்லி (மேலே தூவும் சிறு சாக்லேட் இழைகள்), ஜெம்ஸ் மிட்டாய், வண்ணச் சீரக மிட்டாய். பல வீடுகளில் இவற்றில் பாதி ஏற்கெனவே இருக்கும். கடையில் மினுமினுக்கும் தூள்களையும் பொன்னிற உருண்டைகளையும் வாங்குவதாக இருந்தால் உறையில் 14 இலக்க எஃப்.எஸ்.எஸ்.ஏ.ஐ. (இந்திய உணவுப் பாதுகாப்பு, தர நிர்ணய ஆணையம்) உரிம எண் இருக்கிறதா, பொருள்களின் பட்டியல் இருக்கிறதா என்று பாருங்கள். ‘நச்சற்றது’ என்று மட்டும் எழுதியிருக்கும் மினுமினுப்புத் தூள் கைவினைப் பொருளாக இருக்கலாம். அது உண்பதற்கானது அன்று.

கருவிகள்: எடைத் தராசு, சல்லடை, சப்பாத்திக் கட்டை, கனமான ஜிப் கவர், பட்டர் பேப்பர், இரண்டு முள்கரண்டி, பல்குத்தும் குச்சிகள், காற்றுப் புகாத டப்பா. செய்தித்தாளைப் பட்டர் பேப்பருக்குப் பதிலாக விரிக்காதீர்கள். அச்சு மை இனிப்பில் ஒட்டும்.

3. தொடங்கும் முன் கேட்க வேண்டிய கேள்விகள்

பக்கத்து வீட்டுக் குழந்தைகளும் வருவதாக இருந்தால் அவர்கள் பெற்றோரிடம் ஒவ்வாமை பற்றி முன்கூட்டியே கேட்டுவிடுங்கள். இதில் கோதுமை, பால், கொட்டைகள், எள் எல்லாமே இருக்கின்றன. ஒரு குழந்தைக்கு முந்திரி ஒத்துக்கொள்ளாது என்றால் அன்றைக்கு எல்லோருக்குமே முந்திரியும் பாதாமும் இல்லாமல் செய்யுங்கள். ஒரே தட்டில் பத்துக் கைகள் புழங்கும்போது ‘அவனுக்கு மட்டும் தனி’ என்பது நிற்காது.

ஐந்து வயதுக்கு உட்பட்டவர்களுக்கு முழு முந்திரி, முழு பாதாம், கெட்டியான சர்க்கரை மணிகள் எதுவும் வேண்டாம். தொண்டையில் அடைத்துக்கொள்ளும் அபாயம் உண்டு. அந்த வயதினருக்கு உருண்டையையும் நான்காக வெட்டிக் கொடுங்கள். தலையையும் உடலையும் இணைக்க உள்ளே பல்குத்தும் குச்சி செருகும் பழக்கம் சிலரிடம் இருக்கிறது. குழந்தைகளின் தின்பண்டத்தில் எந்த வயதுக்கும் அது கூடாது. குச்சி உள்ளே இருப்பது கடிக்கிறவருக்குத் தெரியாது.

4. முதல் நாள்: எந்த உருவம், எத்தனை என்று முடிவு செய்யுங்கள்

இது தேவையில்லாத படி என்று தோன்றும். ஆனால் மூன்று உருவங்களும் பிசையும்போதே பிரிந்துவிடுகின்றன. கோழிக்குஞ்சுக்குக் கோகோ இல்லாத வெளிர் மாவு வேண்டும். பழுப்பு உருண்டையின்மேல் மஞ்சள் தேங்காயைப் புரட்டினால் நடுவே அழுக்குப் படிந்தாற்போல் பழுப்பு எட்டிப்பார்க்கும். முள்ளெலிக்கு ஒரு முனை கூராக இருக்க வேண்டும், இறுகிய பிறகு அதைக் கூராக்க முடியாது. ஆந்தைக்குச் சாதாரண உருண்டை போதும்.

ஒரு தாளில் ஒவ்வொரு குழந்தையும் தனக்கு வேண்டிய உருவத்தை வரையட்டும். மறுநாள் கண் எங்கே வரும், அலகு எங்கே வரும் என்பதற்கு அந்தப் படமே கைகாட்டியாகும். உருண்டை எண்ணிக்கையையும் அதிலேயே எழுதிவிடுங்கள்.

5. பிஸ்கட்டை நொறுக்குதல்

பிஸ்கட்டை ஜிப் கவரில் போட்டு, காற்றை வெளியேற்றி மூடி, குழந்தைகளிடம் சப்பாத்திக் கட்டையைக் கொடுத்துவிடுங்கள். அடிக்க வேண்டாம், உருட்டி அழுத்தினால் போதும் என்று முதலிலேயே சொல்லுங்கள். அடித்தால் கவர் கிழிந்து பொடி தரையில் கொட்டும். கவரை நிரப்பாமல் ஐந்தாறு பிஸ்கட்டாகப் போட்டால் சிறு கைகளுக்கும் எளிது.

நொறுக்கியதைச் சலித்துவிடுங்கள். சல்லடையில் தங்கும் கட்டிகளை மட்டும் மிக்ஸியில் இரண்டு சுற்றுச் சுற்றிச் சேர்க்கலாம். ஜாடி முழுவதும் உலர்ந்திருக்க வேண்டும். சலிக்காமல் விட்டால் கட்டி இருக்கும் இடத்தில் உருண்டை விரிசல் விடும், மறுநாள் அந்த விரிசல் வழியாகச் சாக்லேட் பூச்சும் வெடிக்கும்.

இரண்டு மேசைக்கரண்டிப் பொடியைத் தனியாக எடுத்து ஒளித்து வையுங்கள். மாவு தளர்ந்துபோனால் அதுதான் கைகொடுக்கும்.

6. பிசைதல்: அவசரம் இங்கேதான் கெடுக்கும்

பிஸ்கட் பொடியுடன் 40 கிராம் தேங்காய்த்துருவலைக் கலந்து, மூன்றில் ஒரு பங்கை வேறு பாத்திரத்துக்கு மாற்றுங்கள். அது கோழிக்குஞ்சுக்கு. மீதியில் கோகோ பொடியைச் சலித்துச் சேருங்கள். கோகோவைக் கண்டென்ஸ்டு மில்க்குக்குப் பிறகு சேர்த்தால் திட்டுத்திட்டாக நிற்கும். அதனால் பொடிகள் எல்லாம் உலர்ந்த நிலையிலேயே ஒன்றுசேர வேண்டும்.

கோகோ கலந்த பங்குக்கு முதலில் 100 கிராம் கண்டென்ஸ்டு மில்க், வெளிர் பங்குக்கு 50 கிராம். கரண்டியால் கலந்துவிட்டுப் பிறகு கையால் பிசையுங்கள். பார்த்தால் வறண்டு உதிர்வதாகத்தான் தெரியும். இங்கே கையைக் கட்டிக்கொண்டு பதினைந்து நிமிடம் மூடி வையுங்கள்.

புதியவர்கள் பெரும்பாலும் சறுக்கும் இடம் இதுதான். உதிர்கிறதே என்று இன்னும் இரண்டு கரண்டி ஊற்றிவிடுகிறார்கள். பிஸ்கட் ஈரத்தை மெதுவாகத்தான் உறிஞ்சும். அதற்கு நேரம் கொடுத்தால் ஊற்றாமலேயே மாவு ஒன்றுசேரும். பதினைந்து நிமிடத்துக்குப் பிறகும் உதிர்ந்தால் மட்டும் ஒரு தேக்கரண்டி, மறுபடி பிசைந்து பார்த்து இன்னொரு தேக்கரண்டி. தண்ணீரோ பாலோ தெளிக்காதீர்கள். கண்டென்ஸ்டு மில்க்கில் சர்க்கரை அடர்த்தியாக இருப்பதால் அது எளிதில் கெடுவதில்லை. தனித் தண்ணீர் சேர்ந்தால் அந்தப் பாதுகாப்பு போய்விடும்.

சரியான பதம் எது? ஒரு பிடி எடுத்து இறுக்கினால் விரல் தடம் பதிந்து அப்படியே நிற்க வேண்டும், உள்ளங்கையில் பிசுபிசுப்பு மிஞ்சக்கூடாது. ஒட்டினால் ஒளித்து வைத்த பிஸ்கட் பொடியைச் சேருங்கள். அதுவும் போதவில்லையென்றால் பொட்டுக்கடலை மாவு ஒரு மேசைக்கரண்டி போடலாம், வறுத்த கடலை என்பதால் பச்சை வாடை வராது. மைதாவைப் போடவே கூடாது. இந்த இனிப்பு அடுப்பைப் பார்க்கப்போவதில்லை. வேகாத மாவில் கிருமிகள் இருக்க வாய்ப்புண்டு, குழந்தைகளின் வயிற்றுக்கு அது ஆகாது.

7. உருட்டுதல்

எல்லோரும் சோப்புப் போட்டுக் கை கழுவி, நன்றாகத் துடைத்துக்கொள்ளட்டும். நகம் வெட்டியிருக்க வேண்டும்.

உருண்டை ஒவ்வொன்றும் 15 கிராம். முதல் உருண்டையைத் தராசில் வைத்துக் காட்டிவிட்டு, எண் படிக்கத் தெரிந்த குழந்தையை எடை பார்க்க உட்கார வையுங்கள். ஒரே அளவாக இருந்தால்தான் ஒரே நேரத்தில் இறுகும், பூச்சும் சமமாகப் படியும். அண்ணனுக்குப் பெரியது எனக்குச் சிறியது என்ற வழக்கும் எழாது.

உள்ளங்கையில் நெய் தடவச் சொல்லும் செய்முறைகள் உண்டு. ஒரு துளியைத் துடைத்துவிட்டாற்போல் தடவினால் சரி. தாராளமாகத் தடவினால் உருண்டையின் மேற்பரப்பு எண்ணெய்ப்பசையாகி, மறுநாள் சாக்லேட் அதில் பிடிக்காமல் வழுக்கி இறங்கும்.

முள்ளெலிக்கு: உருண்டையாக்கிய பிறகு ஒரு பக்கத்தை மட்டும் இரண்டு விரலால் மெல்ல இழுத்துக் கூராக்குங்கள். அடியைத் தட்டில் லேசாக அழுத்தித் தட்டையாக்கினால் உருளாமல் நிற்கும். ஆந்தைக்கும் இதே போல் அடியைத் தட்டையாக்கிவிடுங்கள்.

கோழிக்குஞ்சுக்குத் தேங்காய் புரட்டும் வேலையை இன்றைக்கே முடித்துவிட வேண்டும். 60 கிராம் உலர் தேங்காய்த்துருவலில் சிட்டிகை மஞ்சள்தூளைப் போட்டு விரல்களால் இரண்டு நிமிடம் தேய்த்தால் அழகான குஞ்சு மஞ்சள் வரும். மஞ்சளின் நிறம் எண்ணெயில் கரையக்கூடியது, தேங்காயில் உள்ள எண்ணெயே அதற்குப் போதும், தண்ணீர் வேண்டாம். சிட்டிகைக்கு மேல் போனால் ரசம் வாசனை வந்துவிடும். உருட்டிய கையோடு, மேற்பரப்பில் ஈரம் இருக்கும்போதே புரட்டுங்கள். குளிரவைத்து எடுத்த பிறகு புரட்டினால் துருவல் ஒட்டாமல் உதிரும். மூன்று, நான்கு வயதுக் குழந்தைகளுக்கு இதுதான் மிகப் பிடித்த வேலை, அவர்களிடமே விட்டுவிடுங்கள்.

இளஞ்சிவப்பு வேண்டும் என்று யாராவது கேட்டால் பீட்ரூட் சாறு ஐந்தாறு சொட்டு. பீட்ரூட் நிறம் தண்ணீரில்தான் கரையும் என்பதால் மஞ்சளைப் போல உலர்வாகத் தேய்த்தால் புள்ளிபுள்ளியாக நிற்கும். சாறு கலந்த துருவலை மின்விசிறிக் காற்றில் பரப்பி முழுவதும் உலரவிட்ட பிறகே பயன்படுத்துங்கள்.

எல்லா உருண்டைகளையும் பட்டர் பேப்பர் விரித்த டப்பாவில் ஒன்றோடொன்று படாமல் அடுக்கி, மூடி, குளிர்பதனப் பெட்டியின் கீழ்த்தட்டில் வையுங்கள். ஃப்ரீசரில் வேண்டாம். உறைந்த உருண்டை சூடான சாக்லேட்டில் முங்கி வெளியே வந்ததும் விரியத் தொடங்கும், ஏற்கெனவே இறுகிய பூச்சு அதைத் தாங்காமல் பிளக்கும்.

8. கண்களை இரவே செய்து வையுங்கள்

குழந்தைகள் தூங்கிய பிறகு செய்யலாம், பத்து வயதுக்கு மேற்பட்டவர்கள் இருந்தால் அவர்களோடும் செய்யலாம். வெள்ளை காம்பவுண்டைப் பொடியாக நறுக்கி கீழே 10-ஆம் படியில் சொல்லியுள்ள முறையில் உருக்கிக்கொள்ளுங்கள். வெள்ளை விரைவில் கரியும், ஆகவே சூடு இன்னும் குறைவாக இருக்கட்டும்.

பட்டர் பேப்பரை மருதாணிக் கோன் போலச் சுருட்டி, உருகியதை ஊற்றி, நுனியை ஊசி அளவுக்கு வெட்டுங்கள். இன்னொரு பட்டர் பேப்பரில் துவரம்பருப்பு அளவுப் பொட்டுகளாக வையுங்கள். ஈரமாக இருக்கும்போதே ஒவ்வொரு பொட்டின் நடுவிலும் ஒரு கருப்பு எள்ளை வைத்து லேசாக அழுத்தினால் கருவிழி ஆகிவிடும். எள்ளைச் சற்று ஓரமாக வைத்தால் ஆந்தை பக்கவாட்டில் பார்க்கும். ஒவ்வோர் ஆந்தைக்கும் ஒவ்வொரு பார்வை கொடுக்க இதைவிட எளிய வழி இல்லை.

தேவையானதைவிடப் பத்துக் கண்கள் கூடுதலாகச் செய்துகொள்ளுங்கள். சில உடையும், சில வாய்க்குள் போகும்.

9. மறுநாள்: சாக்லேட்டைத் தொடும் முன்

உருண்டை டப்பாவை வெளியே எடுத்து மூடியபடியே அரை மணி நேரம் வையுங்கள். உடனே திறந்தால் காற்றிலுள்ள ஈரம் குளிர்ந்த உருண்டைகள்மேல் வியர்வையாகப் படியும். கடலோர ஊர்களில் இது மிக வேகமாக நடக்கும். மூடி வைத்தால் அந்த ஈரம் டப்பாவின் வெளிப்புறத்தில்தான் படியும். திறந்த பிறகும் ஈரம் தெரிந்தால் சாக்லேட்டில் முக்கப்போகும் உருண்டைகளை உலர்ந்த டிஷ்யூவால் ஒற்றிவிடுங்கள்.

அந்த அரை மணி நேரத்தில் அலங்காரப் பொருள்களைச் சிறு கிண்ணங்களில் பிரித்து, குழந்தைகளின் முன்னால் வரிசையாக வையுங்கள். கண்கள் ஒரு தட்டில், அலகுக்கு முந்திரித் துண்டு அல்லது ஆரஞ்சு டூட்டி ஃப்ரூட்டி, காதுக்குப் பாதாம் சீவல், முள்ளுக்கு வெர்மிசெல்லி ஓர் அகலத் தட்டில். நேற்று வரைந்த படத்தைச் சுவரில் ஒட்டுங்கள். ஒரு காலி பட்டர் பேப்பரில் கண்ணையும் அலகையும் வைத்து ஒருமுறை ஒத்திகை பார்க்கட்டும். மின்விசிறியை நிறுத்துங்கள், இல்லையென்றால் வெர்மிசெல்லி மேசையெங்கும் பறக்கும்.

இவ்வளவும் முடிந்த பிறகுதான் அடுப்பு.

10. உருக்குதல்: பெரியவர் வேலை

டார்க் காம்பவுண்டைக் கத்தியால் பொடிப்பொடியாக நறுக்குங்கள். துண்டு பெரிதாக இருந்தால் வெளிப்புறம் கரியும் வரை உட்புறம் உருகாது. ஒரு சிறு பாத்திரத்தில் இரண்டு விரற்கடை உயரத்துக்குத் தண்ணீரைக் கொதிக்கவிட்டு அடுப்பை அணைத்துவிடுங்கள். அதைவிட அகலமான, முற்றிலும் உலர்ந்த கிண்ணத்தில் காம்பவுண்டைப் போட்டு மேலே வையுங்கள். கிண்ணத்தின் அடி தண்ணீரைத் தொடக்கூடாது. கிண்ணம் அகலமாக இருந்தால் ஆவி பக்கவாட்டில் வெளியேறிச் சாக்லேட்டில் இறங்காது.

மூன்றில் இரண்டு பங்கு உருகியதும் கிண்ணத்தை இறக்கி, அடியைத் துணியால் துடைத்துவிட்டு, மேசையில் வைத்துக் கிளறுங்கள். மீதி அதன் சூட்டிலேயே கரையும். 40 முதல் 45 டிகிரி போதும். கீழுதட்டுக்குக் கீழே ஒரு சொட்டு வைத்தால் வெதுவெதுப்பாகத் தெரிய வேண்டும், சுடக்கூடாது. மைக்ரோவேவ் இருந்தால் பாதித் திறனில் முப்பது நொடி, கிளறல், மறுபடி முப்பது நொடி.

ஒரு சொட்டுத் தண்ணீர் விழுந்தாலும் உருகிய சாக்லேட் திடீரென்று மணல்மணலாகக் கட்டிப்படும். அதிலுள்ள சர்க்கரைத் துகள்கள் நனைந்து ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்வதே காரணம். ஈரக் கரண்டி, ஈரக் கை, தண்ணீரில் கரைத்த வண்ணச் சொட்டு எல்லாமே இதைச் செய்யும். அப்படி ஆனால் அந்தச் சாக்லேட் பூச்சுக்கு உதவாது. தூக்கி எறிய வேண்டாம், சூடான பால் ஊற்றிக் கலக்கி எல்லோருக்கும் சாக்லேட் பாலாகக் கொடுத்துவிட்டு, புதிதாக உருக்குங்கள். ஆகவே 100 கிராம் காம்பவுண்ட் கூடுதலாக வீட்டில் இருப்பது நல்லது.

பூச்சு தடிமனாக இருந்தால் 200 கிராமுக்கு ஒரு தேக்கரண்டி தேங்காய் எண்ணெய் அல்லது மணமற்ற சமையல் எண்ணெய் சேர்க்கலாம். வெண்ணெய் வேண்டாம், அதிலும் தண்ணீர் உண்டு. அதற்கு மேல் எண்ணெய் போனால் பூச்சு இறுகாமல் விரலில் ஒட்டும்.

11. முக்குதலும் முகம் வைத்தலும்

உருகியதை ஒரு பீங்கான் குவளைக்கு மாற்றுங்கள். அகலக் கிண்ணத்தில் உருண்டை பாதிதான் முங்கும், குவளையின் ஆழத்தில் முழுவதும் முங்கும்.

உருண்டையை முள்கரண்டியின்மேல் வைத்து இறக்கி, தூக்கி, கரண்டியைக் குவளை விளிம்பில் நான்கைந்து முறை தட்டுங்கள். அடியை விளிம்பில் ஒருமுறை வழித்துவிட்டுப் பட்டர் பேப்பரில் நழுவவிடுங்கள். தட்டாமல் வைத்தால் மிகுதியான சாக்லேட் வழிந்து அடியில் பாவாடை விரித்துக்கொள்ளும்.

ஒரே மூச்சில் எல்லாவற்றையும் முக்கிவிடாதீர்கள். மூன்று உருண்டை முக்குங்கள், அந்த மூன்றுக்கும் முகம் வைக்கட்டும், பிறகு அடுத்த மூன்று. உருண்டை குளிர்ந்திருப்பதால் பூச்சு ஓரிரு நிமிடத்தில் இறுகும். அதற்குப் பிறகு வைக்கும் கண் ஒட்டாது. பத்தை வரிசையாக முக்கிவிட்டுக் குழந்தையைச் ‘சீக்கிரம், சீக்கிரம்’ என்று விரட்டினால் மகிழ்ச்சியும் போய்விடும், கண்ணும் கோணும். முக்குகிறவர்தான் குழந்தையின் வேகத்துக்கு ஏற்ப நடக்க வேண்டும்.

ஆந்தை: இரண்டு கண்களும் ஒன்றையொன்று தொட்டபடி இருக்கட்டும், இடைவெளி விட்டால் தவளையாகிவிடும். அவற்றுக்குக் கீழே நடுவில் அலகு, தலைமேல் இரண்டு பாதாம் சீவல். பூச்சு பாதி இறுகியதும் முள்கரண்டி நுனியால் மார்பில் மெல்ல அழுத்தினால் இறகு வரிகள் தெரியும்.

முள்ளெலி: கூர் முனையை விரலால் பிடித்துக்கொண்டு முதுகுப் பகுதியை மட்டும் முக்குங்கள், முகம் பூச்சில்லாமல் இருக்க வேண்டும். உடனே வெர்மிசெல்லித் தட்டில் வைத்து, மேலிருந்து தூவி மூடுங்கள். அழுத்திப் புரட்டினால் முள் படுத்துவிடும். பல்குத்தும் குச்சியின் நுனியில் சாக்லேட்டைத் தொட்டு முகத்தில் இரண்டு கண், மூக்கு நுனியில் ஒரு பெரிய பொட்டு. மூக்குக்கு ஜெம்ஸ் ஒன்றை ஒட்டலாம் என்று சில குழந்தைகள் கேட்பார்கள். முகத்தைவிட மூக்கு பெரிதாகத் தெரியும், அவர்களுக்கு அதில்தான் மகிழ்ச்சி, ஒட்டட்டும்.

கோழிக்குஞ்சு: சாக்லேட்டில் முக்குவதில்லை. குச்சி நுனியில் சாக்லேட் தொட்டுக் கண்களை வைத்து, இன்னொரு பொட்டின்மேல் ஆரஞ்சு டூட்டி ஃப்ரூட்டியை அலகாக ஒட்டினால் போதும்.

கண் விழுந்துவிட்டால் அழுகை வேண்டாம். உருகிய சாக்லேட்டில் ஒரு துளியைப் பசையாக வைத்து ஒட்டிவிடலாம், அதற்காகவே குவளையின் அடியில் கொஞ்சம் மிச்சம் வையுங்கள். நடுவில் குவளை இறுகினால் வெதுவெதுப்பான நீர் உள்ள கிண்ணத்தில் இரண்டு நிமிடம் நிறுத்துங்கள், விளிம்புக்குத் தண்ணீர் ஏறாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

சீரக மிட்டாயைக் கழுத்துமணியாக, தொப்பியாக, பொத்தானாக எப்படி வேண்டுமானாலும் வைக்கட்டும். உங்கள் கை அங்கே போக வேண்டாம். மூன்று கண் ஆந்தை வந்தால் மூன்று கண் ஆந்தைதான். குழந்தை திரும்பிய நேரத்தில் பெரியவர் அதைத் ‘திருத்தி’ வைப்பதைப் பல வீடுகளில் பார்த்திருக்கிறேன். குழந்தைக்கு அது தெரிந்துவிடும், அடுத்த உருண்டையைத் தொடத் தயங்கும்.

12. இறுகவைத்தலும் எடுத்துவைத்தலும்

அறை வெப்பம் 28 டிகிரிக்குள் இருந்தால் மேசையிலேயே இருபது நிமிடத்தில் இறுகிவிடும். கோடையில் தட்டோடு குளிர்பதனப் பெட்டியில் எட்டு, பத்து நிமிடம் மட்டும் வையுங்கள். பட்டர் பேப்பரிலிருந்து தானாக விடுபட்டு வந்தால் இறுகிவிட்டது என்று பொருள். பிய்த்து எடுக்க வேண்டியிருந்தால் இன்னும் நேரம் ஆகவில்லை.

காற்றுப் புகாத டப்பாவில் ஒரே அடுக்காக வையுங்கள். இரண்டாம் அடுக்கு வைத்தே ஆக வேண்டுமென்றால் நடுவில் பட்டர் பேப்பரும் கெட்டி அட்டையும் வேண்டும், இல்லையென்றால் காதுகள் உடையும். குளிர்பதனப் பெட்டியில் ஒரு வாரம் வரை நன்றாக இருக்கும், கோழிக்குஞ்சுகளை மட்டும் நான்கு நாளுக்குள் தின்றுவிடுங்கள். பூச்சு இல்லாததால் அவை விரைவில் வறளும். ஒவ்வொரு முறையும் டப்பாவைத் திறந்து மூடினால் உள்ளே ஈரம் சேரும், அன்றன்றைக்கு வேண்டியதைச் சிறு டப்பாவுக்கு மாற்றிக்கொள்ளுங்கள்.

ஒரு நாளைக்கு ஒன்று, மிஞ்சினால் இரண்டு. காம்பவுண்டும் கண்டென்ஸ்டு மில்க்கும் இரண்டுமே இனிப்பு என்பதால்தான் இதில் தனிச் சர்க்கரை சேர்க்கவில்லை.

பிறந்தநாளுக்குப் பள்ளிக்கு அனுப்புவதாக இருந்தால் காலையில் கடைசி நிமிடத்தில் டப்பாவை வெளியே எடுங்கள், வகுப்பில் ஜன்னல் ஓரத்தில் வைக்க வேண்டாம் என்று குழந்தையிடம் சொல்லி அனுப்புங்கள். எள்ளும் கொட்டையும் பாலும் கோதுமையும் இருப்பதை ஒரு சீட்டில் எழுதி மூடியின்மேல் ஒட்டிவிடுங்கள், ஆசிரியருக்கு அது தெரிந்திருக்க வேண்டும்.